கோழிக்கூட்டுக் கார்

பங்களாவின் லீக்ஸ் பாத்திக்குப் பின்னால்
கோழிகள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த கார்.
டிரைவர் சீட்டில் பொரிக்காத ஒரு முட்டை.
பதினெட்டாயிரம் கேட்டார் டிக்கிரி பண்டா,
எச்சம் கழுவுவது உங்கள் பாடு என்றார்.

யாரோ ஒரு தொரை
கப்பலில் பெட்டி பெட்டியாக வரவழைத்து
ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டினாராம்.
முடிப்பதற்குள் தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது,
தொரை சீமைக்குப் போனார்,
வலப்பக்கக் கதவு மட்டும் வரவேயில்லை.

வெல்டிங் தங்கையன். வயரிங் நான்.
பகலில் ஒரே பெக்டரியில் இரண்டு பேரும் ரோலர் பழுது பார்க்கிறோம்,
இரவில் இது.
உடம்பு முழுக்க பைபர். சுரண்டச் சுரண்டப்
பச்சை, அதற்குக் கீழே சிவப்பு,
அதற்கும் கீழே தொரையின் பென்சில் கோடு.
மூன்று நாள் முழங்கை அரித்தது.
தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு தூங்கினேன்.

தலவாக்கலையில் ஆனி மழை.
பூசிய ரெசின் காயாமல்
இரண்டு கிழமை விரலில் ஒட்டிக்கொண்டே நின்றது
கடன் கேட்க வந்தவன் மாதிரி.
கடைசியில் பொனட்டைத் தலையில் சுமந்துபோய்
மன்சூர் நானாவின் பேக்கரிப் போறணை மேல் கிடத்தினோம்.
விடிந்தபோது கல்லாகியிருந்தது.
அன்றைக்கு ஊர் தின்ற பாணில் எல்லாம் ரெசின் வாசம்.
நானா இன்றுவரை முகம் கொடுக்கவில்லை.

எஞ்சின்தான் பேச்சு.
பழையதில் பிஸ்டன்
சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடி துருவாகியிருந்தது.
பஞ்சிகாவத்தையில் கேட்டோம், சிரித்தார்கள்.
பிறகு றம்பொடை வளைவில் ஒரு லைட்ஏஸ் வேன் கவிழ்ந்தது.
தேயிலைச் செடியைப் பிடித்துத் தப்பிய டிரைவரே விற்றார்:
எஞ்சின், கியர்ப்பெட்டி,
நசுங்கிய ஒரு மூட்டை லீக்ஸ்.

மவுண்ட் பொருந்தவில்லை. வெட்டினோம்.
ஷாஃப்ட் நீளம். ஹட்டன் லேத்தில் நாலு அங்குலம் குறைத்தோம்.
காபரேட்டர் உயரம்.
பொனட்டில் ஓட்டை போட்டான் தங்கையன்,
போறணையில் வெந்த பொனட்டில்.
நான் அழவில்லை. வெளியே போய் நின்றேன்.
திரும்பி வந்தபோது ஓட்டைமேல் கவிழ்ந்திருந்தது
பழைய ரோலரின் பித்தளைத் தகடு.
அழகாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

வெரஹெரவில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
சேசிஸ் இங்கிலாந்து, எஞ்சின் ஜப்பான்,
மிச்சம் யார் செய்தது? நாடு என்று என்ன எழுத?
என் அம்மாவின் தாளில் இவர்கள் எழுதியது
நினைவுக்கு வந்தது: பதிவுப் பிரஜை.
அவருடைய பேனையில் மை நின்றுபோயிருந்தது.
என்னுடையதைக் கொடுத்தேன்.

ரோதமுனிக்குச் சுருட்டும் அரைப்போத்தலும் வைத்துச்
சாவியைத் திருகினோம்.
முதல் கியரிலேயே பாய்ந்து
கராஜ் சுவரை முட்டப் பார்த்தது.
"ஒரு டன் மரக்கறி பின்னால இருக்குன்னு நெனைக்குது"
என்றான் தங்கையன்.
சமாதானத்துக்கு இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு ஏற்றினோம்.
அடுத்த கிழமை ஒன்று.
பிறகு நான் மட்டும்.

லிந்துலை வளைவுகளில் விடியற்காலைப் பனி.
கதவில்லாத பக்கம், ஸ்டியரிங் பக்கம், நான்.
மலைக்குப் போகிறவர்கள் ஓரத்தில் ஒதுங்கினார்கள்.
"கோழிக்கூடு வருதுடி!" என்று ஒருத்தி கத்தியது
அடுத்த வளைவில்தான் காதில் விழுந்தது.

எவ்வளவு வேகம் என்று தங்கையன் கேட்டான்.
மைலில் எண் போட்ட மீட்டர்,
கேபிள் இன்னும் வாங்கவில்லை,
முள் பூச்சியத்திலேயே கிடந்தது.
என் தலைமுடியைக் கேள் என்றேன்.